மலையகத்தில் அனர்த்தமும் உல்லாசப் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் இறுதியில் ‘திட்வா’ புயல் இலங்கையில் அடித்து ஓய்ந்த நாள் முதல், பண்டாரவளை, அப்புத்தளை, நுவரெலியா, அட்டன் பக்கத்து மக்களோடு பேசும்போதெல்லாம் ஒரே விதமான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. கேட்டவர்களில் தோட்டத் தொழிலாளரும் உண்டு, வேன் சாரதிகளும் உண்டு, உல்லாசப் பயணிகள் கூடும் எல்ல ஊரில் அறைகளை வாடகைக்கு விடுபவர்களும் ஆசிரியர்களும் உண்டு. கேள்விகளை அவரவர் வாய்மொழிக்குக் கிட்டவே விட்டிருக்கிறேன். பதில்களில் தகவலோடு என் அபிப்பிராயமும் கலந்திருக்கிறது. எது எது என்பது வாசிக்கும்போதே புலப்படும்.

மனிதாபிமான நெருக்கடி என்று பெரிய பேச்சாகச் சொல்கிறார்கள். மண் சரிந்தால் அதுவும் அதில் சேருமா?

ஒரு பகுதியில் வாழும் பெருந்தொகையான மக்களின் உயிர், உடல்நலம், உணவு, உறைவிடம் எல்லாம் ஒரே நேரத்தில் ஆபத்துக்குள்ளாகி, ஊரின் சொந்த வசதிகளைக் கொண்டு சமாளிக்க முடியாமல் போகும் நிலைக்கே அந்தப் பெயர். ஒரு வீட்டின் பின்சுவரில் மண் விழுவது விபத்து. நவம்பர் 28 ஆம் திகதி புயல் தரைதட்டியபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மலை சரிந்து, வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாக அறுந்து, நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தது நெருக்கடி.

இயற்கைதான் அதைக் கொண்டுவர வேண்டும் என்றில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதற்கு முன்னும் பின்னும், மருந்து, பால்மா, சமையல் எரிவாயு, பெற்றோல் எதுவுமே கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றதும் நெருக்கடியே.

அந்த மாதிரி நேரத்தில் உல்லாசப் பயணத்துறைக்கு என்னதான் வேண்டும்? மனச்சாட்சி இல்லாதவர்களா அவர்கள்?

அப்படிச் சொல்வது நியாயமல்ல. அந்தத் துறை அஞ்சுவது வெற்று அறைகளுக்கு. 2018 இல் ஏறத்தாழ 23 இலட்சத்து 33 ஆயிரம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த ஆண்டின் தொகை 19 இலட்சமளவில் நின்றது. கொரோனா வந்த 2020 இல் 5 இலட்சத்தைச் சற்றுத் தாண்டியது. 2024 இலேதான் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இப்படி விழுந்தும் எழுந்தும் வந்த ஒரு தொழில், டிசம்பர் பருவம் தொடங்கும் வேளையில் புயல் செய்தி உலகெங்கும் ஓடும்போது, ‘நாடு பாதுகாப்பாக இருக்கிறது, வாருங்கள்’ என்று சொல்லத் துடிப்பதில் வியப்பில்லை.

ஆகவே அதன் முன்னுரிமைகள் இவ்வாறு அமையும்: பயண எச்சரிக்கைகள் தளர வேண்டும், பிரதான வீதிகளும் புகையிரதப் பாதையும் சீக்கிரம் திறக்க வேண்டும், முன்பதிவுகள் இரத்தாகக் கூடாது, ஊடகங்களில் அழிவின் படங்கள் குறைய வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. நாட்டின் டொலர் வருமானத்தைப் பார்த்தாலும், 2024 இல் உல்லாசப் பயணம் 300 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. தேயிலை ஏற்றுமதி அதில் பாதியைக்கூட எட்டவில்லை. கொழும்பில் யாருடைய தொலைபேசி அழைப்புக்கு முதலில் பதில் கிடைக்கும் என்பதை இந்தத் தொகைகளே சொல்லிவிடும்.

ரோடு திறந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே? இதில் அவர்கள் தேவை, நம்ம தேவை என்று ஏன் பிரிக்க வேண்டும்?

எந்த வீதி முதலில் என்பதில்தான் பிரிவு வருகிறது. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அங்கே இயந்திரம் வரும், இராணுவம் வரும், அமைச்சரும் வருவார். அந்த வீதியிலிருந்து பிரிந்து மேலே டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் உட்பிரிவுக்கு, போகும் தோட்டப் பாதைக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால், தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டும், பிரதேச சபை தோட்டத்தைக் காட்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கே தடை இருந்தது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அது நீங்கியது. தடை நீங்கினாலும் பணமும் பழக்கமும் உடனே வந்துவிடுவதில்லை.

அந்தப் பாதை அறுந்தால் என்ன நடக்கும் என்று சற்று நெருங்கிப் பாருங்கள். கொழுந்து பறித்த அன்றே ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) போய்ச் சேர வேண்டும். லொறி மேலே வர முடியாவிட்டால் பறித்தும் பயனில்லை. ஆகவே காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டில் ஆட்களைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது புல்வெட்டவும் கான் (வடிகால்) வெட்டவும் ஒரு சிலருக்கு மட்டும் பேர் போடுவார்கள், அதாவது வேலைநாள் பதிவார்கள். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வீடு இழந்தவருக்கு நிவாரணப் பட்டியலில் ஓர் இடமாவது உண்டு. வீடு தப்பி, வேலைநாள் மட்டும் போனவரை எந்தப் படிவமும் கேட்பதில்லை. பிரதான வீதி திறந்து மூன்றாம் நாளே எல்லவுக்குப் பயணிகள் வரக்கூடும். டிவிஷன் பாதை அடைபட்ட லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், அதே நாளில் கடைக்கடன் ஏறிக்கொண்டிருக்கும்.

பயணிகள் வந்தால் காசு வரும், காசு வந்தால் நமக்கும் வரும் என்கிறார்களே?

வரும், ஆனால் எல்லாருக்கும் அல்ல. எல்ல, நுவரெலியா போன்ற இடங்களில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர், ஹோட்டல் சமையலறையில் நிற்பவர், ஒன்பது வளைவுப் பாலத்தின் அருகே தம்பிலி விற்பவர் ஆகியோருக்கு அந்தப் பணம் நேரடியாகவே கிடைக்கிறது. தோட்டங்களிலிருந்து படித்து வெளியேறிய இளைஞர்கள் பலர் இன்று அந்த வேலைகளில்தான் இருக்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

மறுபக்கத்தில், பயணி பார்க்க வருவது பெரும்பாலும் தேயிலை மலையை. லிப்டன் சீட்டுக்குப் போகிறவர் வழிநெடுகப் படமெடுப்பது கூடை சுமந்த பெண்களை. அந்தப் பெண்ணின் நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது; 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அரசின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அதையும் முழுமையாகப் பெறக் குறித்த கிலோ கொழுந்து பறித்துக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். காட்சியைத் தருபவருக்கும் காட்சியால் சம்பாதிப்பவருக்கும் இடையில் எந்தக் கணக்கும் இல்லை என்பதால், ‘பயணிகள் வந்தால் எல்லாம் சரியாகும்’ என்ற வாக்கு லயத்தில் எடுபடுவதில்லை.

அப்படியானால் பயணிகளே வரக்கூடாது என்கிறீர்களா?

இல்லை. கொரோனாக் காலத்தில் கொழும்பிலும் ஹோட்டல்களிலும் வேலை இழந்த பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததை எல்லாரும் பார்த்தோம். பயணிகளை முழுமையாக நிறுத்துவது, ஏற்கெனவே அடிபட்ட ஊரை இரண்டாவது தடவை அடிப்பதாகவே முடியும்.

நான் கேட்பது வேறு. ‘இலங்கை திறந்திருக்கிறது’ என்று நாட்டுக்கு ஒரே பலகை மாட்டுவதை விட்டு, இடத்துக்கு இடம் சொல்ல வேண்டும். அதற்கான அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டங்களில், பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் ஆயத்தம், 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது பொதுவான வரம்பு. ஒரு பிரிவில் மக்களை வெளியேறச் சொல்லும் நாளில், அதே பிரிவிலுள்ள மலையேற்றத்துக்கும் நீர்வீழ்ச்சிக்கும் முன்பதிவு எடுப்பதை எந்த வணிகக் காரணமும் நியாயப்படுத்தாது. மழை விட்டு, பாதை சரியாகி, முகாம்கள் வெறுமையாகத் தொடங்கிய இடத்துக்கோ பயணி வந்தால் நல்லது. அப்போது ஊரே அவரை அழைக்கும்.

வெளிநாட்டுக்காரரை முதலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், நம்ம சனத்தை விட்டுவிட்டார்கள் என்று கதைக்கிறார்களே?

குறித்த சம்பவம் ஒன்றை இடம், நாள் சொல்லி உறுதிப்படுத்த முடியாவிட்டால் அந்தக் கதையைப் பரப்பாதீர்கள். மீட்புப் பணியின் நெறி, யாருக்கு ஆபத்து அதிகமோ அவரே முதலில் என்பது. நாடு, இனம், பணம் அதில் வரக்கூடாது. ஊர் தெரியாத, மொழி தெரியாத பயணி ஒருவரும் மழையில் சிக்கினால் ஆபத்தில் உள்ளவரே.

இந்த ஏற்றத்தாழ்வை ஹெலிகொப்டர் கதவருகே தேடுவதைவிடத் தகவல் வந்து சேரும் வழியில் தேடுவது நல்லது. பயணிக்கு 1912 என்ற உதவி இலக்கமும், தூதரகமும், பயண முகவரும், ஹோட்டல் முகாமையாளரும் இருக்கிறார்கள். எல்லாரும் ஆங்கிலத்தில் உடனுக்குடன் பதில் சொல்வார்கள். லயத்திலிருப்பவருக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது, ஆனால் அழைப்பு எடுபட்டாலும் மறுமுனையில் தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும். திட்வா நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. மழை கொட்டும் இரவில் அந்தச் சட்ட வாசகத்தால் ஒருவரையும் வெளியேற்ற முடியாது. தோட்டத்து ஒலிபெருக்கியில் தமிழில் ஒரு அறிவிப்புப் போனால் முடியும்.

ஹோட்டல் அறைகள் சும்மா கிடக்கின்றன, நம்ம பிள்ளைகள் பாடசாலை மண்டபத்தில் தரையில் படுக்கிறார்கள். ஏன் அங்கே தங்க விடக்கூடாது?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்டவர்கள் தாய்மார்கள். நிவாரணப் பணிகளில் உலகெங்கும் பின்பற்றப்படும் குறைந்தபட்சத் தரம் ஒன்று உண்டு: ஓர் ஆளுக்கு 3.5 சதுரமீற்றர் இடம், நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். நமது தோட்டப் பாடசாலைகளில் மேசைகளைச் சுவரோரம் அடுக்கி, நடுவில் பாய் விரித்து, கரும்பலகைக்கும் ஜன்னல் கம்பிக்கும் இடையே கயிறு கட்டிச் சேலையால் மறைப்புப் போட்டுக் குடும்பங்கள் தங்கும்போது, இந்த மூன்றில் ஒன்றுகூட எட்டாது. பாடசாலை முகாமாக இருக்கும் வரை பிள்ளைகளுக்குப் படிப்பும் நிற்கும்.

2023 ஓகஸ்டில் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில் லஹைனா நகரம் தீயில் அழிந்தபோது, வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் உல்லாச ஹோட்டல்களிலேயே தங்கவைக்கப்பட்டார்கள்; செலவை அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் ஏற்றன. ஆனால் அதே ஆண்டு ஒக்டோபர் 8 முதல் மேற்கு மாவி பயணிகளுக்குத் திறக்கப்பட்டதும், துக்கம் ஆறாதவரும் விடுமுறைக்கு வந்தவரும் ஒரே மின்தூக்கியில் நிற்கும் நிலை வந்தது, ஊர்மக்கள் பலத்த எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதாவது அறையைக் கொடுப்பது பாதி வேலை, எத்தனை நாளுக்கு, யார் செலவில், பிறகு எங்கே என்பது மீதி. மலையகத்தில் இதை அனர்த்தம் வந்த பிறகு கெஞ்சிக் கேட்பதைவிட, மாவட்டச் செயலகமும் விடுதி உரிமையாளர்களும் பருவமழைக்கு முன்பே எழுத்தில் உடன்பட்டு வைப்பது நல்லது. முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தையோடு இருப்பவர் ஆகியோருக்கு மட்டும் முதல் இரண்டு வாரம் என்று தொடங்கினாலும் போதும்.

அபாய வலயம் என்று நம்மை எழுப்பிவிட்டு, பிறகு அதே இடத்தில் ஹோட்டல் கட்டுவார்களோ?

சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கரையோரத்தில் கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. மீனவர்களின் வீடுகளுக்கு ஒரு விதி, ஹோட்டல்களுக்கு இன்னொரு விதி என்ற குற்றச்சாட்டு அறுகம்பை உட்பட பல இடங்களில் எழுந்தது. அடுத்த ஆண்டே அந்த வரம்புகள் தளர்த்தப்பட்டன.

ஆனால் மலையில் ஆபத்து மெய்யானது, இதையும் மறக்கக் கூடாது. கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் புதையுண்டு போவதற்கு முன், 2005 இலும் 2011 இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கை வந்திருந்தது. மக்களுக்கு மாற்றிடம் யாரும் காட்டவில்லை, ஆகவே எச்சரிக்கை கடதாசியில் நின்றது. தப்பியவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் சென்றன. சந்தேகத்தின் பேரில் வெளியேற மறுப்பது மீரியபெத்தையை மீண்டும் அழைப்பதாகும்.

எனவே வெளியேறுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள்: எந்த அறிக்கையின்படி இந்த இடம் ஆபத்தானது, மாற்றுக்காணி எங்கே, அதற்கு உறுதிப்பத்திரம் யார் பெயரில் எப்போது வரும், காலியாகும் நிலத்தை இனி எதற்குப் பயன்படுத்துவார்கள். வீடு கட்ட முடியாத சரிவில் விடுதியும் கட்ட முடியாது. அது பொறியியல், பேரம் பேச இடமில்லை. அங்கே பின்னர் அத்திவாரம் வெட்டுவதைக் கண்டால், கையில் உள்ள அந்தக் கடிதமே முறைப்பாட்டுக்கு முதல் சான்று.

லயக் காம்பராவில் இருப்பவருக்கு வீட்டு நட்டஈடு உண்டா? விடுதி வைத்திருப்பவருக்கு மட்டுந்தானா?

திட்வாவுக்குப் பிறகு அரசு, வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாயும், முற்றாக அழிந்த வீட்டுக்குப் பதிலாகப் புதிய வீடு கட்ட 50 இலட்சம் ரூபாய் வரையும் அறிவித்தது. சிக்கல் உரித்தில் வருகிறது. விடுதிக்காரரிடம் காணி உறுதி, வரி இலக்கம், காப்புறுதி எல்லாம் இருக்கும். லயத்தின் நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, மூன்று தலைமுறையாக வாழ்ந்தவரிடம் காட்ட ஒரு துண்டும் இராது.

அதனால் வசிப்பை நிரூபிக்கும் எதையும் விடாதீர்கள்: வாக்காளர் பதிவு, மின்பட்டியல், சேமலாப நிதி அட்டை, பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் சான்று. சேதத்தைத் துப்புரவு செய்யுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். தோட்ட நிர்வாகம் எடுக்கும் பட்டியலும் கிராம உத்தியோகத்தர் எடுக்கும் பட்டியலும் வேறு வேறு. இரண்டிலும் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெற்றோல் இல்லாத காலத்தில் டூரிஸ்ட் வேனுக்குத் தனிச் சலுகை கொடுத்தது சரியா?

2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்ற நிலை வந்தது. பிறகு கியூஆர் முறையில் வாராந்தப் பங்கீடும், பயணிகளுக்கெனத் தனி அட்டையும் வந்தன. டொலர் இல்லாததால்தான் பெற்றோல் இல்லை, பயணி டொலர் கொண்டு வருகிறார் என்ற வாதத்தில் அர்த்தம் உண்டு. அதனால் அந்தச் சலுகையைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் முச்சக்கரவண்டிக்கும் அதே அளவு சிந்தித்து ஓர் ஒதுக்கீடு வைத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

அழிவைப் படமெடுக்க வருகிறவர்களை என்ன செய்வது?

வெளிநாட்டவரைவிட உள்ளூர் ‘நிவாரண’ வாகனங்கள்தான் இதில் அதிகம். உலர் உணவுப் பொதியை ஒரு கையிலும் கமராவை மறு கையிலும் பிடித்து, பிணம் எடுக்காத மண்மேட்டின் முன் நிற்பவரை முகாமின் பொறுப்பாளர் தாராளமாகத் தடுக்கலாம். பொருளை ஏற்றுக்கொள்ளுங்கள், படத்துக்கு நிற்க மாட்டோம் என்று சொல்லுங்கள்.

நான் வேன் ஓட்டுகிறேன், அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறா. நான் எந்தப் பக்கம்?

இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளிலேயே இதுதான் கடினமானது. காரணம், மேலே பிரித்துப் பேசிய இரண்டு தேவைகளும் உங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் வேகின்றன. பயணம் இரத்தானால் வேனின் லீசிங் தவணை நிற்காது; பாதை அறுந்தால் அம்மாவுக்குப் பேர் விழாது.

பக்கம் எடுக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இருக்கும் வசதியைப் பாருங்கள்: பயண முகவரோடும் விடுதிக்காரரோடும் ஆங்கிலத்தில் பேசத் தெரியும், டிவிஷனில் எந்தக் கான் அடைபட்டிருக்கிறது என்றும் தெரியும். சங்கக் கூட்டத்தில் சாரதிகள் ‘பிரதான வீதியைத் திற’ என்று மனுக் கொடுக்கும்போது, அதே மனுவில் மேல் டிவிஷன் பாதையையும் சேர்க்க வைக்க உங்களால் முடியும். சிவப்பு எச்சரிக்கை உள்ள பிரிவுக்கு வண்டி எடுக்க மறுப்பதும் உங்கள் கையில்தான். தனி ஆளாக மறுத்தால் அடுத்த வேன் போகும், சங்கமாக மறுத்தால் போகாது.

கடைசியாக, இதையெல்லாம் யாரிடம் கேட்பது? அலைந்து களைத்துப்போனோம்.

அனர்த்த முகாமைத்துவத்துக்கு 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வேலைகள் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாக நடக்கின்றன. 2025 மே 6 தேர்தலில் வந்த பிரதேச சபை உறுப்பினர்கள் உங்கள் வாக்கால் வந்தவர்கள். பாதை பற்றிய கேள்வியில் சொன்ன 2018 திருத்தத்தைக் காட்டியே அவர்களிடம் தோட்டப் பாதைக்கு நிதி கேட்கலாம்.

வாய்ப்பேச்சில் பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் அதற்கென ஒரு தகவல் அதிகாரி இருக்க வேண்டும். கோரிக்கையைத் தமிழிலேயே கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள். ‘எங்கள் லயத்தின் மேலுள்ள சரிவு பற்றிய ஆய்வறிக்கை வேண்டும்’ என்ற கோரிக்கை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதி, பிரதி ஒன்றில் திகதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.